மறைவிருப்பங்களும் சிறப்புத் தொடுப்புகளும்: பழைய தமிழ் மின்னெழுத்தைப் புதிய கணினியில் வாசித்தல்

கணினிச் செயலி ஒவ்வொன்றுக்கும் இரு வகையான விருப்பத்தேர்வுகள் உண்டு. பட்டியைத் திறந்ததும் கண்ணிற்படுவன ஒருவகை. செயலியை ஆக்கியோர் உள்ளே அமைத்து, பட்டியில் இடங்கொடாது மறைத்து வைத்தவை மற்றொரு வகை. பின்னையவற்றை ‘மறைவிருப்பங்கள்’ என இக்கட்டுரை வழங்குகிறது. அவற்றை அடைவதற்குரிய வழிகளுள் ஒன்று சிறப்புத் தொடுப்பு. வலைத்தளத்துக்குரிய முகவரிபோலத் தோன்றினும் அது வலைத்தளம் எதற்கும் செல்வதில்லை. நம் மேசையிலுள்ள கணினிக்குள்ளேயே ஓர் அறையைத் திறக்கிறது. இது கணினிப் பொறியாளரின் கவலையன்றித் தமிழாய்வாளரின் கவலையன்று எனத் தோன்றலாம். 1990களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இணையத்தில் எழுதப்பெற்ற தமிழில் ஒரு பெரும் பகுதியை இன்றைய கணினியில் வாசிக்க வேண்டுமாயின், இவ்வறைகளின் திறவுகோல் நம் கையில் இருத்தல் வேண்டும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முகவரிகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தே தருகிறேன். தட்டெழுதுகையில் உரோமன் எழுத்தையே பயன்படுத்தல் வேண்டும். தமிழைத் திரையிற் சரியாகக் காண்பதற்குரிய கட்டளைகளைத் தமிழிற் தட்டெழுத இயலாது என்பது சற்றே கசப்பான நகைச்சுவைதான்.

1. தொடுப்பு எவ்வாறு இயங்குகிறது

எந்த முகவரியிலும் முதல் முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள சொல் அதன் ‘திட்டம்’ எனப்படும். வலைப்பக்க முகவரிகளில் அது எச்.ரி.ரி.பி. அல்லது எச்.ரி.ரி.பி.எஸ். என அமையும், மின்னஞ்சலுக்கு ‘மெயில்ரு’ என வரும். இச்சொல்லைக் கண்டதும் அதற்குப் பொறுப்பான செயலி எதுவென இயங்குதளம் தன் பதிவேட்டிற் தேடி, முகவரியின் எஞ்சிய பகுதியை அச்செயலியிடம் கையளிக்கிறது. ஆகவே எந்த நிறுவனமும் தன் செயலிக்கெனப் புதியதொரு திட்டச்சொல்லை ஆக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ‘எம்எஸ்-செற்றிங்ஸ்’ என்னும் சொல்லுக்குப் பின் முக்காற்புள்ளியும் பக்கத்தின் பெயரும் இட்டால், அமைப்புகளின் அந்தப் பக்கம் நேரே திறக்கும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒருங்கே அழுத்தத் தோன்றும் சிறு பெட்டியில் இதனை எழுதினாற் போதும். பயர்ஃபொக்ஸ் உலாவியில் ‘அபவுட்’ என்பதும், குரோமில் உலாவியின் பெயரே திட்டச்சொல்லாக நிற்பதும் இவ்வகையினவே.

இத்தொடுப்புகளெல்லாம் ஒரே அளவு அதிகாரம் உடையனவல்ல. சில கதவைக் காட்டி நின்றுவிடும். மாற்றத்தை நாமே செய்தல் வேண்டும். விண்டோசின் தொடுப்புகள் இத்தகையன. சில, அழுத்தியவுடன் குறித்த விருப்பத்தின் மதிப்பையே மாற்றவல்லன. சியாட்டில் நகரின் ஒம்னி குழுமம் அப்பிள் கணினிகளுக்கு ஆக்கிய செயலிகளில் இரண்டாம் வகையைக் காணலாம்: பட்டியில் இல்லாத ஒரு விருப்பத்தின் பெயரையும் அதற்குரிய புதிய மதிப்பையும் தொடுப்பே தாங்கிவரும், செயலி, மாற்றலாமா என வினவி, இசைவு பெற்று மாற்றும். பயனருக்கு ஐந்து படிகளில் விளக்க வேண்டியதை ஒரு சொடுக்கில் முடிக்கும் இவ்வழி மிக நேர்த்தியானது. அதன் ஆபத்தும் அதே நேர்த்தியில்தான் உறைகிறது. இதனைப் பின்னர் நோக்குவோம்.

விருப்பங்களை ஏன் மறைக்கிறார்கள் என்ற வினாவுக்கு ஆக்குநர் தரப்பில் நியாயமான விடை உண்டு. ஆம், இல்லை என இரு நிலைகள் மட்டுமே கொண்ட பத்து விருப்பங்கள் இருப்பின், செயலியைச் சோதிப்பதற்கு 1024 வேறுபட்ட நிலைகள் உருவாகின்றன. ஆயினும், எது மறைக்கப்படும் எது காட்டப்படும் என்பதைப் பெரும்பான்மைப் பயனரின் தேவையே தீர்மானிக்கிறது. தமிழ் வாசகர் அப்பெரும்பான்மையுள் ஒருபோதும் அடங்கியதில்லை.

2. லதா எழுத்துருவும் பக்க எண்களும்

எளிய எடுத்துக்காட்டு ஒன்றிலிருந்து தொடங்கலாம். விண்டோஸ் 2000 இயங்குதளத்துடன் தமிழ் ஒருங்குறிக்கென ‘லதா’ எழுத்துரு வந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக எழுதப்பெற்ற ஆய்வேடுகளும் மாநாட்டுக் கட்டுரைகளும் பெரும்பாலும் அவ்வெழுத்துருவிலேயே அமைந்தன. விண்டோஸ் 8 முதல் ‘நிர்மலா யூஐ’ அதன் இடத்தைப் பிடித்தது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் ‘தமிழ்த் துணை எழுத்துருக்கள்’ என்னும் விருப்பக் கூறாக ஒதுக்கப்பட்டன. தமிழை ஒரு மொழியாகச் சேர்த்துக்கொண்ட கணினியில் அவை வந்துசேரும். ஏனைய கணினிகளில் இரா.

இதன் விளைவு என்ன? லதாவில் அமைத்த ஆய்வேட்டின் கோப்பினைப் புதிய கணினியிற் திறந்தால், வேறோர் எழுத்துரு சத்தமின்றி அதனிடத்தில் அமர்கிறது. எழுத்தின் அகலம் வேறாதலால் வரிகள் வேறிடத்தில் முறிகின்றன, பக்கங்கள் நகர்கின்றன. 112ஆம் பக்கம் என ஒருவர் மேற்கோள் காட்டியது மற்றவர் திரையில் 108ஆம் பக்கத்தில் நிற்கும். மேற்கோளைச் சரிபார்க்கும் நூலகரோ தேர்வாளரோ காரணம் அறியாது ஆய்வாளர்மீது ஐயங்கொள்ளவும் கூடும். இதற்குரிய சிறப்புத் தொடுப்பு, ‘எம்எஸ்-செற்றிங்ஸ்’ என்பதன் முக்காற்புள்ளிக்குப் பின் ‘ஒப்ஷனல்ஃபீச்சர்ஸ்’ என்பதை ஒரே சொல்லாக எழுதுவது. திறக்கும் பக்கத்தில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்துக்கொண்டாற் பழைய எழுத்துரு மீண்டும் கோப்பில் அமரும். கோப்பைப் பி.டி.எஃப். வடிவிலும் சேமித்திருந்தால் இவ்விடர் எழாது என்பது உண்மையே. சேமிக்காதோர் பலர்.

3. பயர்ஃபொக்சின் உள்ளறை

உலாவிகளுள் மறைவிருப்பங்களை மிகுதியாகத் திறந்து வைத்திருப்பது பயர்ஃபொக்ஸ். முகவரிப் பட்டையில் ‘அபவுட்’, முக்காற்புள்ளி, ‘கொன்ஃபிக்’ என எழுதினால், எச்சரிக்கை ஒன்று தோன்றும். அதனை ஏற்றபின் விருப்பங்களைப் பெயரால் தேடலாம். இம்முகவரியை ஒரு வலைப்பக்கத்திற் தொடுப்பாக இட்டால் அது இயங்காது. வெளியிலிருந்து எவரும் உள்ளறையைத் திறந்துவிடலாகாது என்பதற்காக உலாவி அதனைத் தடுத்துள்ளது. ஆகவே நகலெடுத்து ஒட்டுதலோ கையால் எழுதுதலோ வேண்டும்.

தமிழாய்வாளருக்கு உடனடிப் பயன்தரும் விருப்பம் ஒன்றை முதலிற் குறிப்பிடலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கமொன்றுக்குச் சென்று முகவரியை நகலெடுத்து அடிக்குறிப்பில் ஒட்டியவர் எவரும் அந்த விபரீதத்தை அறிவர்: தமிழ்த் தலைப்பு மறைந்து, விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் உரோமன் எழுத்துகளும் கலந்த நீண்ட சரம் வந்து விழும். ஒருங்குறியில் ‘தொல்காப்பியம்’ என்னும் சொல்லுக்குப் பதின்மூன்று குறியெண்கள் வேண்டும். யூ.ரி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகளாக விரியும். எனவே அவ்வொரு சொல் 117 எழுத்துகளாகிறது. ‘பிரௌசர்.யூஆர்எல்பார்.டிகோட்யூஆர்எல்ஸ்ஒன்கொப்பி’ என்னும் மறைவிருப்பத்தை ‘ட்ரூ’ என மாற்றினால் முகவரி தமிழிலேயே நகலாகும். ஓர் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலை மனிதர் வாசிக்கத்தக்கதாக ஆக்கும் இச்சிறு வசதி ஏன் பட்டியில் இல்லை என நான் வியந்ததுண்டு.

எழுத்துரு பற்றிய விருப்பங்கள் ‘ஃபொன்ட்’ என்னும் சொல்லிற் தொடங்கி, ‘எக்ஸ்-தமிழ்’ என்னும் சொல்லில் முடியும். இங்குத் தமிழுக்கான இயல்பு எழுத்துருவையும் மிகக்குறைந்த எழுத்தளவையும் தனியே வகுக்கலாம். இலத்தீன் எழுத்துக்கு வசதியான அளவு தமிழுக்குச் சிறிதாகவே அமைகிறது. ணகரமும் னகரமும் மங்கி ஒன்றாகத் தெரியும். ஆயினும், பக்கம் தன்னைத் தமிழ்ப் பக்கமென அறிவித்திருந்தாலன்றி மிகக்குறைந்த அளவு என்னும் விதி அதன்மேற் செல்லாது. முழுக்கத் தமிழில் அமைந்த தளங்கள் பல, வார்ப்புருவை மாற்றாமையால், தம்மை ஆங்கிலப் பக்கமென்றே அறிவித்துக்கொண்டிருக்கின்றன.

4. திஸ்கியும் ‘பயனர் வரையறுத்தது’ என்னும் பழைய வாயிலும்

இனி நம் பொருளின் உயிர்நிலைக்கு வருவோம். ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. எனினும் சாதாரணக் கணினிகளில் அது இயங்குவதற்கு மேலும் பத்தாண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்விடைவெளியைப் புலம்பெயர்ந்த தமிழரும் தாயகத் தமிழரும் 8-பிட்டுக் குறியாக்கங்களால் நிரப்பினர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிற்சர்லாந்தின் லொசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்பதிப்புகளைத் திஸ்கிக் குறியாக்கத்தில் வெளியிட்டது. 1999 பெப்ரவரியிற் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு தாம், தாப் என்னும் குறியாக்கங்களைத் தரமாக்கியது. ஈழத்தமிழரிடையே பாமினி ஆட்சி செலுத்தியது.

திஸ்கியின் அமைப்பு அறிவார்ந்தது. 256 இடங்களில் முதற்பாதியை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டு, பிற்பாதியில் தமிழை அமைத்தது. அதனால் ஒரே எழுத்துருவில் இருமொழியும் இயன்றன. ஆனால் உலாவிகள் அதனை ஒரு குறியாக்கமாக அறிந்திருக்கவில்லை. எனவே பக்கத்தை ஆக்குவோர் அதன் குறியாக்கத்தை ‘எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்’, அதாவது ‘பயனர் வரையறுத்தது’, என அறிவித்தனர். வாசகர் நெட்ஸ்கேப்பிலோ இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலோ எழுத்துரு அமைப்பிற் சென்று, ‘பயனர் வரையறுத்தது’ என்பதற்குத் திஸ்கி எழுத்துரு ஒன்றைத் தெரிவுசெய்தல் வேண்டும். அக்காலத் தமிழ்த் தளங்களின் முகப்பிலெல்லாம் இதற்குரிய வழிகாட்டுக் குறிப்பு இருந்தது. ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர், கவிதை வாசிக்கும் முன் உலாவியின் உள்ளமைப்பைத் திருத்தக் கற்றுக்கொண்டனர். வேறெந்த வாசகர் கூட்டத்திடம் இவ்வளவு கேட்கப்பட்டது?

அந்த வாயில் இன்று இல்லை. உலாவிகள் யாவும் பின்பற்றும் குறியாக்கத் தரத்தில் ‘எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்’ என்னும் பெயர் இன்னும் உளது, பொருள் மாறிவிட்டது. பிற்பாதியின் 128 இடங்களும் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதிக்குத் தள்ளப்படுகின்றன. பழைய திஸ்கி எழுத்துருக்களில் அவ்விடங்களில் எழுத்தில்லை. ஆகவே வெறும் கட்டங்களே தோன்றும். ஐயானாவின் குறியாக்கப் பட்டியலிற் திஸ்கி பதிவு பெற்றிருந்தும், உலாவித் தரத்திற்குள் அது நுழையவில்லை. குறியாக்கத்தைக் கையால் மாற்றும் பட்டியைக் குரோம் முன்னரே நீக்கியது. பயர்ஃபொக்ஸ் 2021 ஓகஸ்டில், 91ஆம் பதிப்பில், நீக்கியது. அதற்கீடாக வந்த ‘குறியாக்கத்தைச் சீர்செய்’ என்னும் ஒற்றை விசை தானே ஊகிக்கும். அதன் ஊகங்களுட் திஸ்கி இல்லை.

எஞ்சியுள்ள வழிகள் இரண்டு. பக்கம் குறியாக்கம் எதனையும் அறிவிக்காமலோ மேலை ஐரோப்பியக் குறியாக்கத்தை அறிவித்தோ இருப்பின், எழுத்துரு மட்டுமே சிக்கல். மேலை எழுத்துக்கான இயல்பு எழுத்துருவாகத் திஸ்கி எழுத்துரு ஒன்றை அமைத்து, ‘பிரௌசர்.டிஸ்பிளே.யூஸ்_டொக்யூமென்ட்_ஃபொன்ட்ஸ்’ என்னும் விருப்பத்தின் மதிப்பைச் சுழியமாக்குதல் வேண்டும். அப்போது பக்கம் கேட்கும் எழுத்துருவைப் புறக்கணித்து நாம் தெரிந்த எழுத்துருவையே உலாவி இடும், தமிழ் தோன்றும். இதனை அன்றாட உலாவியிற் செய்யாது, ‘அபவுட்’, முக்காற்புள்ளி, ‘புரொஃபைல்ஸ்’ என்னும் முகவரியிற் தனியொரு பயனர் கோலத்தை ஆக்கி, அதனுள் மட்டும் செய்வதே அறிவுடைமை. பக்கம் ‘எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்’ என அறிவித்திருப்பின் இவ்வழி பயன்படாது. கோப்பைத் தரவிறக்கி ஒருங்குறிக்கு மாற்றுவதே வழி. லினக்ஸ் கணினிகளிலுள்ள குனூ சி நூலகம் திஸ்கியை அறியும். ‘ஐகொன்வ்’ என்னும் கட்டளை நொடிப்பொழுதில் மாற்றித்தரும்.

முதல்வழியில் ஒரு பொறி உண்டு. பதிப்பாசிரியர்கள் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். திஸ்கியில் இகர உயிர் 173ஆம் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. மேலைக் குறியாக்கத்தில் அவ்விடம், வரியிறுதியில் மட்டுமே தோன்றும் மென்கோட்டுக்குரியது. ஆகவே உலாவி அதனைக் காட்டாது விழுங்கிவிடும். இவ்விடர் உணரப்பட்ட பின் இகரத்துக்கு 254ஆம் இடமும் தரப்பட்டது. ஆனால் முன்னர்த் தட்டெழுதிய கோப்புகள் அவ்வாறே உள்ளன. அவற்றில் ‘இலங்கை’ ‘லங்கை’யாகும், ‘இலக்கியம்’ ‘லக்கியம்’ ஆகும். பிழை எனக் கண்டுகொள்ளக்கூடிய இடங்கள் இவை. ‘இசை’ என்பது ‘சை’ எனக் குறைந்தாலும் ஊகிக்கலாம். ‘இதழ்’, ‘இனம்’ போன்றவை செய்யுளடியில் வருகையில் சீர் குறைந்து தளை தட்டும். பாடபேதமென எண்ணி ஒருவர் ஆராயப் புகுந்தாலும் வியப்பில்லை. ஏட்டுச்சுவடியில் புள்ளி இல்லாமையாற் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைப் பேசும் நாம், மின்னேட்டில் இகரம் இல்லாமையையும் பதிப்பியற் சிக்கலாகவே கொள்ளல் வேண்டும்.

5. பாமினியும் குரோய்டன் வீடுகளின் குறுந்தட்டுகளும்

பாமினி வேறு வகையினது. அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை அமர்த்தியது. ஆங்கில ஜே, கே, பி, ஓ என்பனவும் அரைப்புள்ளியும் வரிசையாக நின்றால், பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ எனத் தெரியும். எழுத்துரு இல்லாவிடில் அந்த ஆங்கில எழுத்துகளே எஞ்சும். எனவே மேற்கூறிய மறைவிருப்பத்தைப் பாமினியோடு பயன்படுத்தினாற் பக்கத்திலுள்ள ஆங்கிலமெல்லாம் பொருளற்ற தமிழாகும். தனிக் கோலம் இங்கு இன்றியமையாதது.

குரோய்டன், தோன்ரன்ஹீத், நோர்பரி ஆகிய தென்இலண்டன் பகுதிகளில் வாழும் ஈழத்தமிழர் வீடுகளில் பாமினியில் அமைந்த கோப்புகள் இன்றும் உள. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் பயிற்சித் தாள்கள், ஊர்ச் சங்கங்களின் மலர்கள், எல்லாவற்றிலும் மேலாக இறந்தோர் நினைவாக முப்பத்தோராம் நாளில் வெளியிடும் கல்வெட்டுகள் என அவை விரியும். வம்சவரலாறு, ஊர்ப்பெயர், இடம்பெயர்ந்த ஆண்டு, தேவாரம், குடும்பத்தார் புலம்பல் எனப் பலவும் அடங்கிய கல்வெட்டு, சமூக வரலாற்றுக்கு ஒப்பற்ற மூலம். அச்சுப்படி சில நூறே இருக்கும். எஞ்சுவது குறுந்தட்டில் உள்ள கோப்பு. அதனைத் திறக்கும் பேரன் காண்பது ஆங்கில எழுத்துக் குவியல். கெட்டுப்போன கோப்பென எண்ணி அவன் எறிந்துவிடுதல் இயல்பு. நூலகம் திட்டம் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. இத்தகைய கோப்புகளை அச்சுப்படியின் படிமத்தோடு மட்டும் நிறுத்தாது, மூலக் கோப்பையும் குறியாக்கப் பெயரோடு சேர்த்துப் பெறுவது பெரும்பயன் தரும். படிமத்திற் தேட இயலாது, கோப்பில் இயலும்.

6. தொடுப்பின் ஆபத்தும் நூலகத்தின் பணியும்

வாசகருக்கு அமைப்பை எவ்வாறு விளக்குவது என்பதே நூலகரின் நடைமுறைச் சிக்கல். ஒரே சொடுக்கில் மாற்றும் தொடுப்பு கவர்ச்சியானதே. ஆயினும், 2022 மே மாதம் வெளிப்பட்ட ‘பொலினா’ என்னும் குறைபாட்டை நினைவிற் கொள்ளல் வேண்டும். விண்டோசின் பழுதாய்வுக் கருவியைத் திறக்கும் ‘எம்எஸ்-எம்எஸ்டிரி’ என்னும் சிறப்புத் திட்டச்சொல்லைப் பயன்படுத்தி, வேர்ட் கோப்பொன்றின் வழியாகப் பிறர் கணினியில் விரும்பிய கட்டளையை இயக்க முடிந்தது. திருத்தம் வரும்வரை அத்திட்டச்சொல்லைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிடுமாறு மைக்ரோசொஃப்ட் அறிவுறுத்தியது. கதவைக் காட்டும் தொடுப்பையும் கதவுக்குள் கைநீட்டும் தொடுப்பையும் பிரித்தறிதல் இதனாலேயே வேண்டப்படுகிறது. மின்னஞ்சலில் வரும் இரண்டாம் வகைத் தொடுப்பை, அனுப்பியவர் எத்துணைப் பெரும் பேராசிரியராயினும், அழுத்தாதிருத்தல் நன்று.

நூலகக் கணினிகளுக்கு வேறு வழி உண்டு. பயர்ஃபொக்சின் பயனர் கோல உறையில் ‘யூசர்.ஜேஎஸ்’ என்னும் சிறு உரைக்கோப்பை இட்டால், அதிலுள்ள விருப்பங்கள் உலாவி திறக்குந்தோறும் ஏற்கப்படும். கோப்பை எவரும் திறந்து வாசிக்கலாம், ஒவ்வொரு வரியும் ஒரு விருப்பம், வேண்டாததை அழிக்கலாம். ‘பழந்தமிழ் மின்னெழுத்து’ எனப் பெயரிட்ட கோலமொன்றில் இக்கோப்பையும் திஸ்கி எழுத்துரு ஒன்றையும் வைத்துவிட்டால், வாசகர் எதனையும் மாற்ற வேண்டியதில்லை. பாமினிக்கு இரண்டாவது கோலம் வேண்டும். பொதுக் கணினிகளில் உள்ளறையை நிருவாகிகள் பூட்டிவைப்பது வழக்கமாதலால், இதனைச் செய்வதற்கு அவர்களின் இசைவு முன்னதாகப் பெறப்படல் வேண்டும். அவர்களிடம் கையளிப்பதற்கும் பத்து வரிக் கோப்பு பத்துப் பக்க விளக்கத்தினும் எளிது.

நூற்பட்டியற் பதிவிலும் மூன்று செய்திகள் சேர்தல் வேண்டும்: கோப்பின் குறியாக்கம், அதற்குரிய எழுத்துருவின் பெயர், வாசிப்பதற்கு மாற்ற வேண்டிய விருப்பத்தின் பெயர். மறைவிருப்பங்களின் பெயர்கள் உலாவியின் பதிப்புக்குப் பதிப்பு மாறவல்லன ஆகையால், எப்பதிப்பில் சோதிக்கப்பட்டது என்பதும் ஆண்டும் அருகே குறிக்கப்படல் வேண்டும். திஸ்கிக் கோப்பாயின், இகரம் 173ஆம் இடத்திலா 254ஆம் இடத்திலா உள்ளது என்பதையும் பட்டியலாளர் ஒருமுறை திறந்துபார்த்து எழுதிவிடலாம். பெரும்பாலான நூல்களில் முதற் பக்கத்திலேயே ஓர் இகரம் கிடைத்துவிடும்.